தவக்காலத்தில் ஒரு மந்திரவாதி

எனக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் எங்கேயாவது தெரியவந்து யாராவது "அச்சச்சோ" என்று உச்சுக்கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்தேழு வயது வரை நன்றாகத்தான் தெரிந்தது. ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வந்து, கடைசியில் கரும்பலகையும் போயிற்று, பிள்ளைகளின் முகமும் போயிற்று. இனி வராது என்று டாக்டர் சொன்னதை நான் நம்பினேன். அம்மா நம்பவில்லை.

திண்டுக்கல்லில், மாதா கோவில் மணி கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. அம்மா, நான், தம்பி, மூன்றே பேர். தம்பி ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியார். காலையில் பைக்கில் போனால் பொழுது சாயத்தான் வருவான். அம்மா சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காலைப் பூசைக்குப் போனாலும் ரேஷன் கடைக்குப் போனாலும் என்னை உள்ளே வைத்து முன்கேட்டை வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போவாள். "சாக்கடையில கீக்கடையில விழுந்து வச்சேன்னா நான் ஒத்தப் பொம்பள என்னடி செய்வேன்" என்பாள். அன்பாகத்தான் பூட்டுவாள். திண்டுக்கல் என்றாலே பூட்டு என்று வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பேசும்போது எனக்கு மட்டும் சிரிப்பு வராததற்கு அதுதான் காரணம்.

மதுரையில் பார்வையற்றவர்களுக்கான கணினிப் பயிற்சிக்குச் சில மாதங்கள் போனேன். பக்கத்து நாற்காலிப் பெண்தான் ஒரு கணினி விளையாட்டைச் சொல்லித் தந்தாள். படம் கிடையாது, பொம்மை கிடையாது. எல்லாமே ஆங்கில எழுத்து. 'நீ ஒரு கல் பாலத்தின் மேல் நிற்கிறாய். கீழே ஆறு ஓடுகிறது. வடக்கே ஒரு கோட்டை' என்று வரும். வடக்கே போக ஒரே ஒரு எழுத்தைத் தட்டினால் போதும். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் அதே பாலத்தில் வந்து நிற்பார்கள். பேசுவார்கள், அடித்துக்கொள்வார்கள், கூட்டுச் சேர்ந்து குகைக்குள் போவார்கள். என் லேப்டாப்பில் திரையை வாசித்துச் சொல்லும் ஒரு குரல் இருக்கிறது. அதைப் பழகப் பழக வேகமாக்கி, இப்போது வேறு யாருக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியாத வேகத்தில் கேட்கிறேன். கண் உள்ளவன் வாசிக்கிற வேகத்துக்கு என் காது ஈடு கொடுக்கும். அந்த ஊரில் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

அங்கே நான் மந்திரவாதி. ஆண், கிழவன், தாடிக்காரன். பெண்ணாகப் போனால் வழிகிறவர்கள் அதிகம் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துபோனதால் தாடி வைத்துக்கொண்டேன். என்னிடம் ஒரு சாம்பல் நிற அங்கி இருக்கிறது, அம்பு பட்டால் பாதி வலியை அது வாங்கிக்கொள்ளும். கருங்காலிக் கோல் ஒன்று. உள்ளே இடியை அடைத்து வைத்திருக்கிறார்கள். சில தடவை தட்டினால் தீர்ந்துவிடும், பிறகு ஊருக்குப் போய் காஸ் சிலிண்டர் மாதிரி நிரப்பிக்கொண்டு வர வேண்டும். வெள்ளி மோதிரம் போட்டிருந்தால் எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் இறகுபோல இறங்கலாம். இந்த மோதிரத்துக்காக ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு சூனியக்காரியின் தோட்டத்தில் களை பறித்தேன். இடுப்புப் பையில் சிலந்தி வலை, கந்தகம், வௌவால் எச்சம், காக்கை இறகு எல்லாம் இருக்கும். ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு சிட்டிகை ஏதாவது போட்டாக வேண்டும். அம்மா அஞ்சறைப் பெட்டியில் கை விடுவதுபோல நான் அந்தப் பையில் கை விடுவேன்.

ஆனால் மந்திரவாதியின் உயிர் இருப்பது புத்தகத்தில். எல்லா மந்திரமும் அதில் எழுதியிருக்கும், ஆனால் தலைக்குள் ஒரே நேரத்தில் நாலைந்துதான் நிற்கும். கிளம்புவதற்கு முன் உட்கார்ந்து, இன்றைக்கு எது தேவைப்படும் என்று யோசித்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஒருமுறை சொல்லிவிட்டால் அது தலையைவிட்டுப் போய்விடும். மறுபடி புத்தகத்தைத் திறந்து படித்தால்தான் வரும். தீயம்பு, தூக்கம், வெளிச்சம், கேடயம் எல்லாம் தெரியும். நான் அதிகம் சொல்வது செத்தவனை எழுப்பும் மந்திரம். கேட்கப் பயங்கரமாக இருக்கும், விஷயம் ஒன்றுமில்லை. மந்திரவாதிக்கு உடம்பில் தெம்பு கிடையாது. ஒரு பெட்டியைத் தூக்கச் சொன்னால் மூச்சு வாங்குவான். அதனால் வழியில் செத்துக் கிடக்கிற எவனையாவது எழுப்பி மூட்டையைத் தலையில் ஏற்றிவிடுவேன். கூலி கேட்க மாட்டான், டீ கேட்க மாட்டான்.

என்னோடு எப்போதும் வருகிறவன் ஒரு கோடாலிக்காரன். எந்த நாட்டுக்காரன் என்று நான் கேட்டதில்லை. எனக்குக் கண் தெரியாது என்று அவனிடம் சொன்னதும் இல்லை. யோசிக்காமல் எங்கேயும் நுழைகிறவன், வழியைக் கவனிக்கிற பழக்கமே கிடையாது. 'பின்தொடர்' என்று ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு என் பின்னாலேயே வருவான். நான் வீட்டைவிட்டு இறங்கினால் யார் கையையாவது பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அங்கே ஒருத்தன் என்னைப் பிடித்துக்கொண்டு வருகிறான். அந்தச் சுகத்தை இந்த வீட்டில் யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை.

அந்த வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன்கிழமை. காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தாகிவிட்டது. சாயங்காலம் நானும் கோடாலிக்காரனும் மலைக்கடியில் ஒரு குகைக்குள் வெகுதூரம் போயிருந்தோம். என் ஹெட்போன் பழுது, தம்பி வாங்கி வருவதாகச் சொல்லிச் சொல்லி மறந்துகொண்டிருந்தான். அதனால் குரல் வெளியே கேட்கும்படி வைத்திருந்தேன். குகையின் கடைசி அறையில் ஒரு கொள்ளைக்காரனைக் கோடாலிக்காரன் வெட்டிச் சாய்த்தான். அங்கே ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. அதைத் தூக்க நான் அந்தக் கொள்ளைக்காரனையே எழுப்பினேன். எழுப்பிய கையோடு என் வெளிச்ச மந்திரம் தீர்ந்துபோயிற்று. 'கும்மிருட்டு. ஒன்றும் தெரியவில்லை' என்றது குரல். வெளிச்ச மந்திரத்தை நான் ஒரே ஒரு தடவைக்குத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். மறுபடி படிக்கலாம் என்றால் புத்தகத்தை வாசிக்க வெளிச்சம் வேண்டும். கோடாலிக்காரனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எனக்குப் பயமே இல்லை. உள்ளே வந்த வழி அத்தனையும் என் தலையில் இருந்தது. "அசையாதே. ஒரு திருப்பம் தப்பினால் பாதாளப் பள்ளம். நான் கூட்டிப்போகிறேன்" என்று தட்டினேன்.

அப்போதுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மாவும், அவளுடைய ஜெபக்கூட்டத்து அக்காவும். தவக்காலம் தொடங்கினால் வீடு வீடாக ஜெபம் சொல்ல வருவார்கள். என் லேப்டாப்பின் குரல் கடகடவென்று பேசிக்கொண்டிருந்தது.

"என்ன பாப்பா இது, என்னமோ பேசுது?" என்றாள் அந்த அக்கா. பிறகு அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "அக்கா, இது மனுசப் பேச்சு இல்லக்கா" என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அது வராது. "உங்க கூட்டத்துல யாருக்கும் புரியாம பேசுனா பரிசுத்த ஆவி. என் கம்ப்யூட்டர் பேசுனா மட்டும் பேயா?" என்றேன்.

"வாய மூடுடி" என்றாள் அம்மா. "அது என்னதான் சொல்லுது? நிறுத்தி நிதானமாச் சொல்லச் சொல்லு, கேப்போம்."

"நல்லாக் கேளுங்க" என்று குரலின் வேகத்தைக் குறைத்து, வந்த வரிகளை மறுபடி வாசிக்க விட்டேன். எந்த வரிகள் என்று கோபத்தில் யோசிக்கவில்லை. அது அரசு அதிகாரி மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொல்லிற்று: "யூ ரைஸ் த டெட். த டெட் மேன் ஃபாலோஸ் யூ."

அம்மா பத்தாவது வரை படித்தவள். ஜெபக்கூட்டத்து அக்கா ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். 'டெட்' என்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

"மூட்டை தூக்கத்தாம்மா அவன எழுப்புனேன்" என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"அதான்க்கா" என்றாள் அந்த அக்கா. "நீங்களும் இம்புட்டு வருசமா அழுது ஜெபிக்கிறீங்க, கண்ணு வரல. இத வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு மாதா எப்படிக்கா உள்ள வருவாங்க?"

அவள் போன பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்களில் தவக்காலத்துக்கு ஒவ்வொருவரும் பிடித்த ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும், ஒறுத்தல் என்போம். பெரும்பாலும் கறியை விடுவார்கள். "நான் காப்பிய விடுறேன்" என்றாள் அம்மா. காப்பி இல்லாமல் அவளுக்குப் பொழுது விடியாது. "நீ இத விட்டுரு. ஈஸ்டர் வரைக்கும்."

"நான் கறிய விடுறேன். முட்டையவும் விடுறேன். ஆள விடும்மா."

"கறி ஒனக்கு உசுராடி? எது உசுரோ அதக் குடுத்தாத்தான் ஒறுத்தல்."

நான் கத்தினேன். இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை, இது இல்லாவிட்டால் எனக்கு இந்த நாலு சுவரைத் தவிர என்ன இருக்கிறது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஒருவேள கண்ணு வந்துருச்சுன்னா?"

வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் மாட்டேன் என்று சொன்னால், அம்மா சாகிற வரைக்கும் கொடுத்திருந்தால் வந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டே இருப்பாள். என் கண்ணை நானே வேண்டாம் என்றவள் ஆகிவிடுவேன். முன்கேட்டுக்காவது ஒரு சாவி உண்டு, இதற்கு அதுகூட இல்லை. லேப்டாப்பை மூடி நானே எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதன்மேல் தீர்த்தம் தெளித்து, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அந்த விளையாட்டில் வெளியேறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. எங்கே நின்றோமோ அங்கேதான் மறுபடி கண் விழிப்போம். கோடாலிக்காரன் தனியாக நடந்தால் பள்ளத்தில் விழுவான், அவனிடம் மோதிரம் இல்லை. விழுந்து செத்தால் வருடக்கணக்காகச் சேர்த்த கோடாலியும் கவசமும் எல்லாம் போகும். நான் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு நடுவழியில் காணாமல் போயிருக்கிறேன். என்னிடம் இருப்பது பட்டன் போன், அதில் இந்த விளையாட்டு வராது. தம்பி வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"அங்க ஒருத்தன் இருட்டுல நிக்கிறான்டா."

"யாருக்கா?"

"கோடாலிக்காரன்."

"அக்கா, அது கேமு."

"ஒன் போன செத்த நேரம் குடு. ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குடுத்துடுறேன்."

"தர மாட்டேன்னு வாசல்லயே அம்மாட்ட சத்தியம் பண்ணிட்டேன்க்கா" என்றான் அவன். சத்தியத்தை மீறுகிற தைரியம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

அந்தத் தவக்காலம் இழுத்துக்கொண்டே போயிற்று. வெயில் முன்னதாகவே வந்துவிட்டது. காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப் வாடை வீட்டுக்குள் வரும், ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம். காலையில் அம்மா கேட்டைப் பூட்டிக்கொண்டு பூசைக்குப் போவாள், திரும்பி வந்து வெறும் வெந்நீரைக் குடித்துவிட்டுத் தலைவலி என்று துணியைக் கட்டிக்கொண்டு படுப்பாள். பாவமாகவும் இருக்கும், அறைந்துவிடலாம் போல ஆத்திரமாகவும் இருக்கும். வெள்ளிக்கிழமை கோவிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு என் கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள். அங்கே பெண்கள் என் கன்னத்தைத் தடவி, "இந்த ஈஸ்டருக்குக் கண்ணு வந்துரும் பாரு தாயி" என்பார்கள். செய்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

மத்தியானங்களில் அம்மா தூங்கும்போது நான் குகைக்குள் நடப்பேன். வழி மறந்துவிடக் கூடாது என்ற பயம். கட்டிலிலிருந்து கூடம் கிழக்கு, கூடத்திலிருந்து அடுப்படி வடக்கு என்று வைத்துக்கொண்டு, கிழக்கு, கிழக்கு, வடக்கு, இந்த இடத்தில் மேற்கே போகக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பேன். குகை வீட்டைவிடப் பெரிது. அதனால் பத்துப் பதினைந்து முறை வீட்டைச் சுற்றினால்தான் வாசல் வரும்.

"என்னடி முணுமுணுக்குற?" என்று ஒருநாள் அம்மா விழித்துக் கேட்டாள்.

"ஜெபம்" என்றேன்.

அதில் பெரிய அசிங்கம் என்னவென்றால், எனக்கே ஆசை வந்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரம் நெருங்க நெருங்க, காலையில் விழித்ததும் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தேன். வராது என்று தெரிந்தும் பார்த்தேன். ஒருநாள் ஜன்னல் பக்கம் ஏதோ மினுங்கியது போலிருந்தது. ஒன்றும் இல்லை. அன்றைக்கு அம்மாமேல் வந்த கோபம் மாதிரி அதற்கு முன் யார்மேலும் எனக்கு வந்ததில்லை. நான் எப்போதோ அழுது முடித்த விஷயத்தை மறுபடி அழ வைத்துவிட்டாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

ஈஸ்டர் அன்று காலை அம்மா குளித்து, எனக்கும் தலைக்கு ஊற்றி, புதுச் சேலை கட்டிவிட்டாள். கூடத்தில் மாதா படத்துக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தாள். மெழுகுவர்த்தி எரிகிற வாசனை வந்தது. கன்னத்தில் அதன் சூடும் பட்டது.

"கண்ணத் தொறந்து நேராப் பாருடி" என்றாள்.

பார்த்தேன்.

"தெரியுதா?"

தெரிகிறது என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. "இல்லம்மா" என்றேன்.

"லேசாக்கூடவா?"

"இல்லம்மா."

தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். அம்மா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். பிறகு பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். "மெதுவாப் பேச வைடி, நானும் கேக்குறேன்" என்றாள்.

உள்ளே போனேன். குரல் நிதானமாக வாசித்தது. கும்மிருட்டு, ஒன்றும் தெரியவில்லை.

"டார்க்குன்னா இருட்டுத்தான?"

"ஆமாம்மா."

"அங்கயும் ஒனக்கு இருட்டாடி?" என்றாள் அம்மா.

"அங்க இப்ப எல்லாருக்கும் இருட்டும்மா."

நான் எழுப்பிய கொள்ளைக்காரன் எப்போதோ பொடியாகிப்போயிருந்தான். குகைக்குள் யாரும் இருக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சும்மா ஒரு வணக்கத்தைத் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். இருட்டில் அந்த விளையாட்டு பெயர் சொல்லாது. 'யாரோ பேசுகிறார்கள்' என்றது. யாரோ சொன்னார்கள்: "வந்துவிட்டாயா? தினமும் வந்து உட்கார்ந்திருந்தேன். ஓர் அடி எடுத்து வைக்கவில்லை."

"யாருடி அது?" என்றாள் அம்மா. நான் சொன்னேன். என்னோடு வந்தவன், நல்லாக் கண்ணு தெரிகிறவன், நீ லேப்டாப்ப வாங்கி வச்ச அன்னிக்கி அப்படியே மாட்டிக்கிட்டான், வழி எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

"இம்புட்டு நாளாவா? ஏசுவே" என்று அம்மா பதறிப்போனாள். "சீக்கிரம் கூட்டியாடி அந்தப் பிள்ளைய. பாத்து, பள்ளம் இருக்குன்னியே."

பெட்டியை விட்டுவிட்டேன். பின்தொடரச் சொல்லிவிட்டு நடந்தேன். கிழக்கு, கிழக்கு, வடக்கு. ஒவ்வொரு தட்டுக்கும் இருட்டு, இருட்டு என்றே குரல் சொல்லிக்கொண்டு வந்தது. யாரோ பின்னால் வருகிறார்கள் என்றது. அம்மா என் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேற்கே போகக் கூடாத இடத்தில் நான் ஒரு நொடி நின்றபோது, அவள் மூச்சும் நின்றது. ஒரு திருப்பம்கூடத் தப்பவில்லை. கடைசி வடக்கைத் தட்டியதும் புல்வெளி, வெயில், தூரத்தில் ஆறு என்று வாசிக்கத் தொடங்கிற்று. யாரோ என்பது போய், கோடாலிக்காரன் என்று பெயர் சொல்லிற்று. அவன் என்னவோ சொன்னான்.

"என்னடி சொல்றான்?"

"கண்ணு தெரியுதுங்கிறான்மா."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். வளையல் சத்தத்தில் தெரிந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய்க் காப்பிப் பொடி டப்பாவைத் தேடினாள். என்னிடம் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் அங்கே நின்று, மாதாவிடம் பேசுகிற குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்காவது வந்துச்சே தாயே."